மூன்று முறை 27

சென்னையின் எஃப்.சி. கால்பந்து அணி 2022-23 இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) சீசனில் 27 புள்ளிகள் எடுத்தது. 2023-24இலும் 27. 2024-25இலும் 27. இந்த மூன்று சீசன்களுக்கு நடுவே இரண்டு ஓய்வுக்காலங்கள் போயின. தாமஸ் பிர்தாரிச் போய் ஓவன் காயில் பயிற்சியாளராக வந்தார். வெளிநாட்டு ஸ்டிரைக்கர்கள் மாறினார்கள், கேப்டன் மாறினார், பழைய வீரர்கள் வேறு கிளப்புகளுக்குப் போனார்கள், புதியவர்கள் வேறு கிளப்புகளிலிருந்து வந்தார்கள். புள்ளிக் கணக்கு மட்டும் அசையவில்லை.

ஆனால் பட்டியலில் பிடித்த இடம் அசைந்தது: முதலில் 8, பிறகு 6, கடைசியாக 11. இந்த மூன்று எண்களை மட்டும் பார்த்தவர் ஒரு கதை சொல்லிவிடுவார். 2023இல் எடுத்த ஆட்கள் சரியாக அமைந்தார்கள், அதனால் அணி பிளேஆஃப் போனது. 2024இல் எடுத்தவர்கள் சோடை போனார்கள், அதனால் சரிந்தது. உளுந்தூர்பேட்டை, திருநாவலூர்ப் பக்கம் செல்போனில் ஐ.எஸ்.எல். பார்க்கிற எங்கள் ஊர்ப் பையன்கள் முதல் தொலைக்காட்சி விமர்சகர்கள் வரை பலரும் சொன்ன கதை இதுதான். அது சரியா என்று பார்க்க வேண்டுமானால் இடத்தை விட்டுவிட்டு, எத்தனை ஆட்டத்தில் இந்த 27 வந்தது என்று முதலில் கேட்க வேண்டும்.

2022-23இல் 20 லீக் ஆட்டங்கள். 2023இல் பஞ்சாப் எஃப்.சி. தகுதி உயர்வு பெற்று வந்ததால் மறு சீசனில் 22. 2024இல் முகமதன் ஸ்போர்ட்டிங் வந்ததால் 24. ஆக ஓர் ஆட்டத்துக்குச் சராசரி 1.35 புள்ளி, 1.23 புள்ளி, 1.13 புள்ளி. எட்டாம் இடத்தில் முடித்த அணிதான் மூன்றிலும் சிறந்தது. பிளேஆஃப் போன 2023-24 அணி அதைவிடக் குறைவாகவே எடுத்தது. கீழே இருந்த அணிகள் அந்த ஆண்டு இன்னும் மோசமாக ஆடியதால் ஆறாம் இடம் கிடைத்தது. ஏழாம் இடத்தில் நின்ற நார்த் ஈஸ்ட் யுனைடெட்டுக்கு 26 புள்ளிகள். ஒரே ஒரு டிரா மாறியிருந்தாலும் அந்த ஆறாம் இடம் ஆட்டம் கண்டிருக்கும்.

கோல் கணக்கு வேறொன்று சொல்கிறது. 2023-24இல் சென்னை 26 கோல் அடித்து 36 வாங்கியது. 2024-25இல் 34 அடித்து 39 வாங்கியது. ஆட்டத்துக்கு அடித்தது 1.18இலிருந்து 1.42 ஆக உயர்ந்திருக்கிறது, வாங்கியது 1.64இலிருந்து 1.63. அதாவது 2024 கோடையில் பஞ்சாபிலிருந்து வந்த வில்மர் ஜோர்டான், ஜாம்ஷெட்பூரிலிருந்து வந்த டேனியல் சீமா, பிரேசில்காரர் லூகாஸ் பிராம்பில்லா ஆகியோர் வருகையால் தாக்குதல் கொஞ்சம் கூர்மையடைந்தது உண்மை. டிஃபென்ஸ் இருந்த இடத்திலேயே இருந்தது. கோல் வித்தியாசம் −10இலிருந்து −5க்கு வந்தும், சராசரிப் புள்ளி குறைந்தது. முந்தைய ஆண்டு 8 வெற்றி 3 டிரா. இந்த ஆண்டு 7 வெற்றி 6 டிரா. தோல்வி இரண்டிலும் 11.

இப்படி ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கும்போது, மாற்றங்கள் அணியை மேம்படுத்தினவா என்ற கேள்விக்கு நேர்மையான பதில் ஒன்றுதான்: இந்த எண்களை வைத்து அப்படியும் சொல்ல முடியாது, இப்படியும் சொல்ல முடியாது. ஏன் முடியாது என்பதை விளக்கியாக வேண்டும். ஓய்வுக்காலத்து மாற்றங்களைப் பற்றிய பேச்சில் பாதி இங்கேதான் வழி தவறுகிறது.

கால்பந்தில் ஓர் ஆட்டம் 0, 1, 3 என்ற மூன்றில் ஒன்றைத்தான் தரும். 35 விழுக்காடு வெற்றி, 30 விழுக்காடு டிரா, 35 விழுக்காடு தோல்வி என்ற வாய்ப்புள்ள நடுத்தர அணி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது 20 ஆட்டத்தில் எடுக்க வேண்டிய சராசரி 27 புள்ளி. ஆனால் அதே அணி, அதே ஆட்கள், அதே பலத்தோடு அந்த 20 ஆட்டங்களை மறுபடி மறுபடி ஆடினால் ஒவ்வொரு முறையும் 27 வராது. புள்ளியியல் கணக்குப்படி ஐந்தாறு புள்ளி கூடுவதும் குறைவதும் சர்வசாதாரணம். 21 வரலாம், 33 வரலாம். ஒன்று கடைசி இடங்களின் பக்கம், மற்றொன்று பிளேஆஃப். இரண்டு சீசன்களை ஒப்பிடும்போது இந்த ஊசலாட்டம் இரண்டு பக்கமும் இருப்பதால், ஏழெட்டுப் புள்ளிக்குள் வருகிற ஏற்ற இறக்கத்தை வைத்து ஆட்களைப் புகழ்வதும் தூற்றுவதும் நியாயமாகாது. போஸ்டில் பட்டுத் திரும்பிய பந்து, நடுவர் கொடுக்காத பெனால்டி, 90ஆவது நிமிடத்துக் கார்னர் இவையெல்லாம் அந்த ஏழெட்டுக்குள் அடங்கிவிடும்.

இந்த அளவுகோலை சென்னையின் எஃப்.சி.யின் முழு வரலாற்றிலும் வைத்துப் பார்த்தால் பெரும்பாலான கோடைகள் ஊசலாட்டத்துக்குள்ளேயே முடிந்துவிடுகின்றன. மார்கோ மாட்டராஸ்ஸி தலைமையில் 2014இல் 14 ஆட்டத்தில் 23 புள்ளியோடு லீக் பட்டியலில் முதலிடம்; அரையிறுதியில் கேரளத்திடம் தோல்வி. 2015இல் 22 புள்ளி, மூன்றாமிடம், ஆனால் கோப்பை. ஃபட்டோர்டாவில் டிசம்பர் 20 அன்று கோவாவை 3-2 என்று வென்றார்கள், அந்த சீசனில் ஸ்டீவன் மெண்டோசா 13 கோல் அடித்தார். கோப்பை வந்ததால் 2015 அணி மேம்பட்ட அணி என்று மக்கள் மனத்தில் பதிந்துவிட்டது; லீக் கணக்கு அதற்குச் சான்று தரவில்லை. 2016இல் மெண்டோசாவும் எலானோவும் இல்லாமல் 15 புள்ளி, ஏழாம் இடம். இழப்பு பெரிது என்றுதான் மனம் சொல்கிறது. ஆனாலும் 14 ஆட்டத்தில் 7 புள்ளிக் குறைவு என்பது உறுதியாக எதையும் நிறுவப் போதாது.

தற்செயல் என்று தள்ளிவிட முடியாத ஏற்ற இறக்கங்களும் உண்டு. அவற்றில் இரண்டு ஒரே சீசனில் நடந்தன, இரண்டும் தமிழ்நாட்டில்.

2018 மார்ச் 17 அன்று பெங்களூர் கண்டீரவா அரங்கில் சென்னையின் எஃப்.சி. இரண்டாம் முறை ஐ.எஸ்.எல். கோப்பையை வென்றது. ஒன்பதாவது நிமிடத்தில் சுனில் சேத்ரி கோல் போட்டு சொந்த ஊர்க் கூட்டத்தை எழுப்பிவிட்டார். பிறகு மெய்ல்சன் ஆல்வெஸ் இரண்டு ஹெட்டர் கோல், ரஃபேல் அகஸ்டோ ஒன்று, முடிவு 3-2. பயிற்சியாளர் ஜான் கிரெகரியின் அந்த அணி லீக்கில் 18 ஆட்டத்தில் 32 புள்ளி. மறு சீசனில் அதே கிரெகரி, அதே மெய்ல்சன், அதே ரஃபேல் அகஸ்டோ, இனிகோ கால்டெரான், கிரெகரி நெல்சன், ஜெஜெ லால்பெக்லுவா எல்லாரும் இருந்தும் 18 ஆட்டத்தில் 9 புள்ளி. பத்து அணிகளில் பத்தாம் இடம். 23 புள்ளிச் சரிவை எந்த ஊசலாட்டக் கணக்கும் விழுங்காது. ஏதோ ஒன்று உண்மையாகவே உடைந்திருந்தது.

போனவர்களின் பட்டியல் நீளமில்லை. கேப்டனும் சென்டர் பேக்குமான ஹென்ரிக் செரெனோ, நடுக்களத்தில் ரெனே மிஹெலிச், ஹைமே கவிலான். இவர்களுக்குப் பதில் எலி சபியா, ஆந்த்ரியா ஓர்லாண்டி, கார்லோஸ் சலோம் வந்தார்கள். பெயருக்குப் பெயர் வைத்துப் பார்த்தால் பெரிய நட்டம் தெரியாது. ஆனால் முந்தைய ஆண்டு அணி எப்படி வென்றது என்று பார்த்தால் தெரியும். 24 கோல் அடித்து, 19 வாங்கி, 32 புள்ளி. கோல் வித்தியாசம் வெறும் +5. இவ்வளவு குறைந்த வித்தியாசத்தில் இத்தனை புள்ளி என்றால், ஒரு கோல் முன்னிலையைக் கடைசி வரை கட்டிக்காத்து வென்ற அணி என்று பொருள். அந்தக் காவலின் மையம் மெய்ல்சனும் செரெனோவும், அவர்களுக்கு முன்னால் தனபால் கணேஷும். மூவரும் ஒரு முக்கோணம். வியாசர்பாடியில் வளர்ந்த கணேஷ் அந்த ஆண்டு அரையிறுதியில் கோவாவுக்கு எதிராகக் கோலும் போட்டவர். செரெனோ போனார். கணேஷ் முழங்கால் காயத்தால் சீசன் முழுவதும் வெளியே. மூவரில் மிஞ்சியவர் மெய்ல்சன் மட்டும்.

வாங்கிய கோல் 19இலிருந்து 32 ஆனது. அடித்தது 24இலிருந்து 16. முந்தைய சீசனில் ஒன்பது கோல் அடித்த ஜெஜெ இம்முறை லீக்கில் ஒன்றே ஒன்று. பின்னால் நிலைகுலைந்த அணியில் முன்னால் நிற்பவருக்குப் பந்து வருவதில்லை என்பதைக் கால்பந்து ஆடிய எவரும் ஒப்புக்கொள்வார்கள். கூடவே, குறுகிய வித்தியாச வெற்றிகளால் வந்த 32 புள்ளியில் அதிர்ஷ்டமும் ஒரு பங்கு வகித்திருக்கும். மறு ஆண்டு அது கைகொடுக்கவில்லை. இதே அணி 2019 ஏப்ரலில் சூப்பர் கப் இறுதிவரை போய்க் கோவாவிடம் 1-2 என்று தோற்றது. நாக்அவுட் போட்டியை வைத்து ஓர் அணியை எடைபோடக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

அதே சீசனில் கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தைச் சொந்த மைதானமாகக் கொண்டு மற்றொரு தேசிய லீக்கான ஐ லீக்கில் ஆடிய சென்னை சிட்டி எஃப்.சி. நேரெதிர் திசையில் போனது. 2017-18இல் அது 18 ஆட்டத்தில் 19 புள்ளி எடுத்து எட்டாம் இடத்தில் முடித்திருந்தது. 2018-19இல் 20 ஆட்டத்தில் 43 புள்ளி. ஈஸ்ட் பெங்காலை ஒரு புள்ளியில் முந்திச் சாம்பியன். ஆட்டத்துக்கு 1.06இலிருந்து 2.15. தமிழ்நாட்டுக் கால்பந்தில் ஓர் ஓய்வுக்காலம் ஓர் அணியை மேம்படுத்தியது என்று அடித்துச் சொல்வதற்கு இதைவிடத் தெளிவான வழக்கு எனக்குத் தெரியவில்லை.

என்ன செய்தார்கள்? சிங்கப்பூரிலிருந்து அக்பர் நவாஸ் பயிற்சியாளராக வந்தார். பெட்ரோ மான்சி, நெஸ்டர் கோர்டில்லோ, சாண்ட்ரோ ரோட்ரிகஸ், ராபர்டோ எஸ்லாவா என்று ஸ்பெயின் மைதானங்களில் ஆடிப் பழகியவர்களாகப் பார்த்து எடுத்தார்கள். உலகக் கோப்பை ஆடிய பெரும்பெயர் ஒன்றுகூட இல்லை. ஸ்பெயினின் கீழ்ப்பிரிவு லீக்குகளில் ஆடியவர்கள். அணியில் அதிகம் பேசப்படாத விஷயம், அவர்கள் நின்ற இடங்கள். எஸ்லாவா பின்னால், சாண்ட்ரோ நடுவில், கோர்டில்லோ அவருக்கு முன்னால், மான்சி முனையில். கோல் வாயிலிலிருந்து கோல் வாய் வரை ஒரே மொழி பேசி, ஒரே பாணியில் பந்தைத் தட்டிப் பழகிய ஒரு முதுகெலும்பை மொத்தமாகக் கொண்டுவந்து நட்டார்கள். அதைச் சுற்றி எட்வின் வான்ஸ்பால், அலெக்ஸாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ் போன்ற நம் பையன்கள் ஓடினார்கள். மான்சி அந்த சீசனில் 21 கோல். 2019 மார்ச் 9, கடைசி ஆட்டம்: மினர்வா பஞ்சாப் ஆரம்பத்திலேயே ஒரு கோல் போட்டுவிட்டது. இரண்டாம் பாதியில் மான்சி பெனால்டியில் சமன் செய்ய, டிஃபெண்டர் கௌரவ் போரா இரண்டு கோல் போட்டு 3-1 ஆக்கினார்.

உளுந்தூர்பேட்டையில் திருச்சிச் சாலையிலிருந்து சேலம் சாலை பிரிகிறது. சென்னைக்கும் போகலாம், சேலம் வழியாகக் கோவைக்கும் போகலாம். அந்த சீசனில் எங்கள் பகுதியின் கால்பந்து ரசிகர் எவரும் கோவைப் பக்கம் திரும்பியதாக எனக்கு நினைவில்லை. நட்சத்திரங்களும் விளம்பரமும் ஐ.எஸ்.எல்.லில் இருந்தன, நன்றாகக் கட்டிய அணி கோவையில் இருந்தது. அதை உரிய காலத்தில் நம் ஊடகங்கள் உரக்கச் சொல்லவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தமே.

இரண்டு வழக்கையும் பக்கத்தில் வைத்தால் ஒரு கருத்து உருவாகிறது. எத்தனை பேர் மாறினார்கள் என்பது பெரிய விஷயமில்லை. சென்னை சிட்டியில் பலர் மாறினார்கள், அணி உயர்ந்தது. சென்னையின் எஃப்.சி.யில் சிலரே மாறினார்கள், அணி நொறுங்கியது. ஒருவரையொருவர் தாங்கி நிற்கிற இரண்டு மூன்று பேர் சேர்ந்து அமைந்தார்களா, அல்லது அந்தச் சேர்க்கை பிரிந்ததா என்பதுதான் தீர்மானித்தது. வீரர்களைத் தனித்தனியே மதிப்பிட்டுக் கூட்டிப் பார்க்கும் முறை இங்கே தோற்றுப்போகிறது.

ஆனால் இந்தக் கருத்துக்கு ஒரு சோதனை உண்டு. ஆட்களை மாற்றாமல் வைத்துவிட்டு மற்றதை மாற்றினால் என்ன ஆகும்? அப்படி ஒரு சோதனையை யாரும் திட்டமிட்டு நடத்துவதில்லை. சென்னையின் எஃப்.சி.க்கு அது 2019-20இல் தானாக வாய்த்தது.

2019 கோடையில் வெளிநாட்டவர் ஏழு பேரில் எலி சபியா தவிர ஆறு பேரும் புதியவர்கள்: லித்துவேனியாவின் நெரியஸ் வால்ஸ்கிஸ், பிரேசிலின் ரஃபேல் கிரிவெல்லாரோ, மால்டாவின் ஆந்த்ரே ஷெம்ப்ரி, ருமேனியாவின் லூசியன் கோயன், டிராகோஷ் ஃபிர்டுலெஸ்கு, ஆப்கானிஸ்தானின் மாசி சைகானி. முதல் நான்கு ஆட்டத்தில் சென்னை ஒரு கோல்கூட அடிக்கவில்லை. கோவாவிடம் 0-3, மும்பையோடு 0-0, ஏ.டி.கே.யிடம் 0-1, பெங்களூரிடம் 0-3. ஐந்தாவது ஆட்டம் நவம்பர் 25 அன்று சென்னை நேரு ஸ்டேடியத்தில் ஹைதராபாத்துக்கு எதிராக. 90 நிமிடம் முடிந்தும் 0-0. கூடுதல் நேரத்தின் இரண்டாவது நிமிடத்தில் ஷெம்ப்ரி கோல் போட்டார். அந்த சீசனில் அணியின் முதல் கோல் அது. அடுத்த இரண்டே நிமிடத்தில் ஹைதராபாத்தின் மாத்யூ கில்கேலன் தலையால் முட்டிச் சமன் செய்தார். அதற்கும் அடுத்த நிமிடம் வால்ஸ்கிஸ் வெற்றி கோல் போட்டார். மறுநாள், நவம்பர் 26 அன்று, எங்கள் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானதால் இந்தப் பக்கத்துச் செய்தித்தாள்களில் அந்த ஆட்டத்துக்கு இடம் கிடைத்திருக்காது.

ஆறாவது ஆட்டம் டிரா ஆனபின் கிரெகரி விலகினார். ஆறு ஆட்டத்தில் 5 புள்ளி, அடித்தது 4, வாங்கியது 10. டிசம்பர் தொடக்கத்தில் அதே ஓவன் காயில் முதல் முறையாக வந்தார். ஏறக்குறைய அதே ஆட்கள். அடுத்த 12 லீக் ஆட்டத்தில் 7 வெற்றி, 3 டிரா, 2 தோல்வி. 24 புள்ளி. அடித்தது 28. காயில் அணியை உயர ஏறி நின்று பந்தைப் பறிக்கச் சொன்னார், கிரிவெல்லாரோவைச் சுதந்திரமாக அலைய விட்டார், விங்கர் லாலியன்சுவாலா சாங்தேயின் வேகத்தைப் பக்கவாட்டில் பயன்படுத்தினார். கோவையில் ஐ லீக் வென்றுவிட்டு அந்தக் கோடையில் சென்னைக்கு வந்திருந்த வான்ஸ்பால் நடுக்களத்தில் ஓயாமல் ஓடினார். வால்ஸ்கிஸ் 15 கோலோடு கோல்டன் பூட் பெற்றார். அரையிறுதியில் கோவாவை மொத்தக் கணக்கில் 6-5 என்று வென்று, 2020 மார்ச் 14 அன்று கொரோனாவால் ஆளில்லாத அரங்கில் ஏ.டி.கே.யிடம் 1-3 என்று இறுதியில் தோற்றார்கள்.

2019 கோடை மாற்றங்கள் அணியை மேம்படுத்தினவா? நவம்பரில் கேட்டிருந்தால் கிளப் நிர்வாகத்தைத் திட்டாதவர் இருந்திருக்க மாட்டார். மார்ச்சில் கேட்டிருந்தால் பத்தாண்டில் சிறந்த தேர்வு என்றிருப்பார்கள். ஆட்கள் ஒன்றுதான். ஆகவே பயிற்சியாளரைப் பிரித்துவிட்டு வீரர் பட்டியலை மட்டும் மதிப்பிட முடியாது. கிரெகரியும் சாம்பியன் பட்டம் வென்ற நல்ல பயிற்சியாளரே. அவருடைய ஆட்டமுறை பின்னால் நின்று காத்து வெல்வது, 2019இல் வாங்கிய ஆட்கள் முன்னேறி ஆடப் பிறந்தவர்கள். ஆளும் முறையும் பொருந்தவில்லை.

அடுத்த கோடையில் காயில் ஜாம்ஷெட்பூருக்குப் போனார், வால்ஸ்கிஸ் பின்தொடர்ந்தார். சென்னை 18 ஆட்டத்தில் 32 கோல் என்பதிலிருந்து 20 ஆட்டத்தில் 17 கோலுக்கு வந்தது. 3 வெற்றி, 11 டிரா, 20 புள்ளி. கிரிவெல்லாரோ நடுவில் கணுக்கால் காயத்தால் விழுந்ததும் ஒரு காரணம். ஜாம்ஷெட்பூர் 18 புள்ளியிலிருந்து 27க்கு ஏறி, 2021-22இல் 43 புள்ளியோடு, லீக் பட்டியலில் முதலிடத்துக்கான ஷீல்டை வென்றது. வால்ஸ்கிஸ் 2022 ஜனவரியில் சென்னைக்கே திரும்பி வந்தார். பழைய காயில் இல்லை, பழைய சீசன் திரும்பவில்லை. 2023இல் காயிலே திரும்பினார். அப்போது பழைய வால்ஸ்கிஸ் இல்லை.

உலகின் பெரிய லீக்குகளிலும் இதே கதைதான், தொகை மட்டும் பெரிது. இங்கிலாந்தின் லெஸ்டர் சிட்டி 2014-15இல் 41 புள்ளி எடுத்துத் தப்பிப் பிழைத்தது. அந்தக் கோடையில் பிரான்சின் கான் கிளப்பிலிருந்து அதிகம் பேர் அறியாத எங்கோலோ கான்டேவை வாங்கியது. 81 புள்ளியோடு சாம்பியன். மறு கோடையில் அவரை செல்சிக்கு விற்றது, 44 புள்ளி. செல்சி 50இலிருந்து 93க்குப் போய் அதுவும் சாம்பியன். இதே செல்சி 2022-23இல் இரண்டு சாளரங்களில் 50 கோடி பவுண்டுக்கு மேல் கொட்டி ஆட்களை வாங்கி, 44 புள்ளியோடு பன்னிரண்டாம் இடத்தில் முடித்தது. சைமன் கூப்பரும் ஸ்டெஃபான் சிமான்ஸ்கியும் தங்கள் கால்பந்துப் பொருளாதார நூலில், ஆள் வாங்கும் செலவுக்கும் லீக் இடத்துக்கும் உள்ள தொடர்பு மெலிதானது, மொத்தச் சம்பளச் செலவுக்கும் இடத்துக்கும் உள்ள தொடர்பே வலுவானது என்று வாதிட்டார்கள். நல்ல ஆளை வாங்குவதைவிட, இருக்கும் நல்ல ஆளைச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்வது முக்கியம் என்று நான் அதை வாசிக்கிறேன்.

சென்னையின் மூன்று 27களுக்கு விடை இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். 2021-22 முதல் ஐ.எஸ்.எல்.லில் களத்தில் ஒரே நேரத்தில் நான்கு வெளிநாட்டவர் மட்டுமே ஆடலாம் என்று விதி மாறியது. அதற்கு முன் ஐந்து. பதினொருவரில் ஏழு பேர் இந்தியர். ஓய்வுக்காலத்தில் நாம் பேசுவதோ பிரேசில் ஸ்டிரைக்கர், குரோஷிய சென்டர் பேக் என்று அந்த நால்வரைப் பற்றியே. வெளிநாட்டவர் எண்ணிக்கை எல்லாக் கிளப்புக்கும் சமம். சந்தையில் நூற்றுக்கணக்கானோர் கிடைப்பார்கள். தேசிய அணித் தரமுள்ள இந்தியர்களோ மிகச் சிலர். அவர்களை இழந்த கிளப் அடுத்த கோடையில் வேறொருவரை வாங்கிவிட முடியாது, ஏனென்றால் வேறொருவர் இல்லை.

2019-20 இறுதியாட்டம் வரை போன அணியில் அப்படி மூவர் இருந்தார்கள்: கோல் கீப்பர் விஷால் கைத், நடுக்களத்தில் அனிருத் தாபா, விங்கில் லாலியன்சுவாலா சாங்தே. மூவரும் இளைஞர்கள். சாங்தே 2022 ஜனவரியில் மும்பை சிட்டிக்குப் போனார்; மறு சீசனில் மும்பை 46 புள்ளியோடு ஷீல்டு வென்றது, அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் அவரை ஆண்டின் சிறந்த வீரராகத் தேர்ந்தது. கைத் 2022இல் மோகன் பகானுக்குப் போனார்; முதல் சீசனிலேயே கோல்டன் குளோவ் விருதும் கோப்பையும். தாபா 2023இல் அதே மோகன் பகானுக்கு. பிறகு அந்த கிளப் 2023-24இலும் 2024-25இலும் ஷீல்டு வென்றது. கோல் வாயில், நடுக்களம், விங் என்று ஓர் அணியின் முதுகெலும்பில் மூன்று கணுக்கள் பதினெட்டு மாதத்துக்குள் பிரிந்து, போன இடத்திலெல்லாம் பட்டம் கொண்டுவந்தன.

இந்த இழப்புக்கு நேராக 2022, 2023, 2024 கோடைகளில் வந்த வெளிநாட்டவரை வைத்துப் பாருங்கள். சிலர் நன்றாகவே ஆடினார்கள். கானர் ஷீல்ட்ஸ் 2023 முதல் காட்டிய உழைப்பை எவரும் குறை சொல்ல முடியாது. ஆனாலும் ஆட்டத்துக்கு 1.35, 1.23, 1.13. கோல் அடிப்பவரை மாற்றினால் அடித்த கோல் கூடுகிறது. வாங்கும் கோல் ஆண்டுக்கு ஆண்டு ஆட்டத்துக்கு ஒன்றரைக்குக் குறையாமல் நிற்கிறது. 2024இல் கொல்கத்தா கிளப்புகளிலிருந்து மந்தார் ராவ் தேசாய், கியான் நசீரி, லால்ரின்லியானா ஹ்னாம்தே வந்தார்கள். உதவிய ஆட்களே, ஆனால் போன மூவரின் தரத்தில் இருந்தவர்கள் அல்லர். நல்லவரை அனுப்பி, அடுத்த நிலையினரைப் பெறுவது என்ற கொடுக்கல் வாங்கல் மூன்று கோடைகளாக நடந்திருக்கிறது. ஒவ்வொரு கோடையையும் தனியே பார்த்தால் ஊசலாட்டத்துக்குள் அடங்கிவிடும். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரே திசை தெரிகிறது, அது கீழ்நோக்கியது.

இதற்கு மருந்து வியாசர்பாடியில் இருக்கிறது, நெய்வேலியில் இருக்கிறது, கல்வராயன் மலையடிவாரப் பள்ளி மைதானங்களிலும் இருக்கலாம். கணேஷும் வான்ஸ்பாலும் ரொமாரியோவும் வெளிச்சந்தையில் விலை பேசி வந்தவர்களாகத் தொடங்கவில்லை. உள்ளூர் லீக்குகளில் வளர்ந்து மேலே வந்தவர்கள். கல்வராயன் மலையில் நாள் முழுக்க ஏறி இறங்கும் பிள்ளைகளின் மூச்சையும் கால் பலத்தையும் கண்டவர்கள், இவர்களில் ஒரு விங்கர் இல்லையா என்று கேட்காமல் இருக்க முடியாது. அந்தப் பள்ளிகளுக்கு ஆண்டுக்கு ஒரு முறையாவது பார்க்க வருகிற ஒரு பயிற்சியாளர் தேவை. அதற்கு ஆகும் செலவு ஒரு வெளிநாட்டு ஸ்டிரைக்கரின் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டாது என்றே நம்புகிறேன்.

2025 ஜூலையில், அப்போது லீக்கை நடத்திவந்த நிறுவனம், கால்பந்துச் சம்மேளனத்துடனான ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாததால் அடுத்த சீசனை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. காயிலும் போய்விட்டார். அந்தக் கோடையில் யார் வந்தார், யார் போனார் என்று பட்டியல் போடவே வழியில்லாமல் போனது. இனி அடுத்த பட்டியல் வரும்போது ரசிகர்கள் முதலில் பார்க்க வேண்டிய பெயர்கள் நான்கு வெளிநாட்டவருடையவை அல்ல. கோல் கீப்பர் யார், சென்டர் பேக் இருவரும் முன்பு சேர்ந்து ஆடியிருக்கிறார்களா, அவர்களுக்கு முன்னால் நிற்கும் இந்திய மிட்ஃபீல்டர் எத்தனை ஆண்டு ஒப்பந்தத்தில் இருக்கிறார், பயிற்சியாளர் அவர்களை எப்படி ஆடவைக்கப் போகிறார். இந்த நான்குக்கும் விடை கிடைக்கும் வரை தீர்ப்பைத் தள்ளிவைப்பதே நல்லது.